உட்கார்ந்து சாப்பிட்ட வரலாறு



இந்த மலருக்கு ஊர் வரலாறு ஒன்று எழுதித் தரச் சொல்லி கூட்டமைப்புக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். ஸ்ரீமுஷ்ணம் என்றால் எல்லோரும் பூவராக சுவாமி கோயிலைத்தான் எழுதுவார்கள். நான் எங்கள் குழுவில் கணக்கு எழுதுகிறவள். கோயில் வரலாறு எழுத படிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க. நான் நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுறேன்னு சொன்னேன். கொஞ்சம் சிரிச்சாங்க. "தின்றதுல என்னடி வரலாறு?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க.

அதுல பெரிய வரலாறே இருக்கு. சமைத்தது யார், பரிமாறியது யார், உட்கார்ந்து சாப்பிட்டது யார், வெளியே நின்றது யார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் நாட்டு வரலாறு முழுக்க வந்துவிடும். அதில் நம்முடைய வரலாறும் வரும்.

எழுதுறதுக்கு முன்னாடி கடைகளைப் பார்க்கணுமே. எங்கள் குழுவில் ஆறு பேர் சேர்ந்து ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊரைச் சுற்றிச் சாப்பிடுவது என்று முடிவு செய்தோம். ஆளுக்கு 150 ரூபாய், மொத்தம் 900. குழுப் பணத்தைத் தொடவில்லை, அவரவர் கைப்பணம். ஒவ்வொரு இடத்திலும் மூணு விஷயம் மட்டும் பார்த்து எழுதணும்: பெண்கள் எங்கே உட்காருகிறார்கள், சமைப்பது யார், கல்லாவில் இருப்பது யார்.

முதல் இடம்: கோயில்

சனிக்கிழமை காலை பெருமாளிடமிருந்துதான் ஆரம்பித்தோம். நம்ம ஊர் தானாகத் தோன்றிய எட்டு வைணவத் தலங்களில் ஒன்று. திருவரங்கம், திருமலை, பத்ரிநாத் எல்லாம் அந்த எட்டில் உண்டு. இங்குள்ள சிறப்பான பிரசாதம் கோரைக் கிழங்கில் செய்வது. முஸ்தாபி சூரணம் என்று பெயர். வராகம் என்றால் பன்றி. மண்ணைக் கிளறி அது விரும்பித் தின்பது கோரைக் கிழங்கு. சாமிக்கு எது பிடிக்குமோ அதையே படைக்கிறார்கள்.

கோரையைப் பற்றி நம்மகிட்ட யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. களையெடுக்கும்போது பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் எறிகிறோமே, அதேதான். மேலே பிடுங்கினாலும் கிழங்கு உள்ளே இருந்து மறுபடி முளைத்து நம்ம இடுப்பை ஒடிக்கும். நாம் எறிகிற களை இங்கே நெய்யோடு சேர்ந்து பிரசாதம் ஆகிறது. எது உணவு, எது களை என்று யார் முடிவு பண்றாங்கங்கிறதைப் பொறுத்துத்தான் எல்லாம் இருக்கு.

கோயில் சமையல் ஒரு பழைய பெட்டகம் மாதிரி. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுகீசியர் 1498இல் கப்பலில் வந்து இறங்கிய பிறகுதான் நம்ம நாட்டுக்கு வந்தன. அதுக்கு முன்னால் காரம் என்றால் மிளகு. பழைய பெருமாள் கோயில்களின் மடப்பள்ளியில் இன்றைக்கும் மிளகாய் சேர்க்காமல் மிளகு போட்டுச் சமைப்பது அதனால்தான். ஆனால் அந்த மடப்பள்ளிக்குள் நமக்கு வேலை இல்லை. வீட்டில் மூன்று வேளையும் அடுப்படி நம்முடையது. சாமிக்குச் சமைக்கிற அடுப்பு ஆண்களுடையது. முதல் இடத்தில் என் நோட்டில் எழுதியது: "நின்றபடி கையில் வாங்கிச் சாப்பிட்டோம். சமைப்பது ஆண்கள்."

காசு வாங்காத சாப்பாடு

அந்தக் காலத்தில் ஓட்டல் கிடையாது. சோற்றை விற்பது பாவம் என்று நினைத்த காலம் அது. வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் இருந்தது. தஞ்சாவூர் மராட்டிய அரசர்கள் வழியெல்லாம் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இருக்கும் முத்தம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி காலத்தில் கட்டியது. அரசரின் அன்புக்குரிய ஒரு பெண்ணின் பெயரில் அமைந்தது அது. அரண்மனையில் அரசியாக இல்லாத ஒரு பெண்ணின் பெயர், சோறு போட்ட இடத்தால் இன்றும் நிற்கிறது.

சத்திரத்தில் சோறு இலவசம்தான். பந்தி மட்டும் ஒன்றாக இருக்காது. இன்னாருக்கு இந்த இடம் என்று சாதி பார்த்துத்தான் இலை போடுவார்கள்.

அதை மாற்றிக் காட்டியது நம்ம மாவட்டம் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம் எதுவும் கேட்காமல் பசித்து வந்தவர் எல்லோருக்கும் சோறு. அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. நம்மில் பலர் தைப்பூசத்துக்கு வடலூர் போயிருக்கிறோம், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். 150 வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரே பந்தியில் எல்லோரையும் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் இடம்: டீக்கடை

கோயிலில் இருந்து வெளியே வந்து டீக்கடைக்குப் போனோம். பெஞ்சில் நாலு ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஆறு பேரும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்ததும் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது. அப்புறம் மறுபடி மேலே ஏறிவிட்டது. அவ்வளவுதான். இதுக்கா இத்தனை வருஷம் பயந்தோம்னு ஆகிப்போச்சு.

ஆனால் எங்களில் மூத்த அம்மா ஒருத்தர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குடிக்கவில்லை. காலனியில் இருந்து வருகிறவர். அவர் பிறந்த ஊர் வேறு. சின்ன வயசில் அவர் அப்பாவுக்கு டீக்கடையில் தனி டம்ளர். வெளியே கீற்றில் சொருகி வைத்திருப்பார்களாம். அவரே எடுத்து, குடித்து, அவரே கழுவி வைக்கணும். "எங்கப்பா பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சு நான் பாத்ததே இல்ல தாயி" என்றார். அதன் பிறகுதான் குடித்தார்.

காப்பியும் டீயும் நம்ம ஊருக்குப் பழசு இல்லை. நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் காப்பி வீடுகளுக்குள் நுழைந்தது. அதற்கு முன் காலையில் நீராகாரம், பழையசோறு. காப்பி வந்ததோடு காப்பி ஓட்டல்கள் வந்தன. ஓட்டல் வந்ததும் யார் எங்கே உட்காருவது என்ற சண்டையும் வந்தது. பல ஓட்டல்களின் பலகையில் "பிராமணாள்" என்று எழுதியிருப்பார்கள். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில்கூட பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். விருத்தாசலம் வழியாகப் போகும் விழுப்புரம் – திருச்சி ரயில் பாதை 1920களின் கடைசியில் வந்தது. அந்த ரயிலில் போனவர்கள் ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு உட்காரலாம்; இறங்கிச் சாப்பிடும்போது தனித்தனி. பெரியாரும் நீதிக்கட்சியினரும் விடாமல் எதிர்த்ததால் 1941இல் ரயில் நிலையத்தில் இந்தப் பிரிவினை ஒழிந்தது.

பிறகு 1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 15ஆவது பிரிவை நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமக்களையும் தடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. 1955இல் தீண்டாமைக் குற்றங்களுக்குத் தனிச் சட்டமும் வந்தது. அந்த அம்மாவின் அப்பா கழுவி வைத்த டம்ளர் அந்தச் சட்டத்துக்குப் பிறகும் கீற்றில் சொருகியே இருந்திருக்கிறது. சட்டம் ஒரு நாளில் வரும். பெஞ்சு வரைக்கும் வந்து சேர ரொம்ப நாள் ஆகும்.

அந்தப் பிரிவில் "பால்" என்ற சொல்லையும் கவனியுங்கள். ஆண், பெண் என்று பார்த்தும் தடுக்கக் கூடாது. அது நமக்காக எழுதினது.

மூன்றாம் இடம்: மதியச் சாப்பாடு

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். வாசலிலேயே ஒருத்தர், "பார்சல் கட்டித் தர்றேன்மா, உள்ள ஆம்பளைங்க சாப்பிடுறாங்க" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. நமக்கு உதவி செய்றதா நினைச்சுத்தான் சொன்னார். எங்கள் குழுத் தலைவி, "நாங்களும் சாப்பிடத்தாண்ணே வந்திருக்கோம்" என்று சொல்லி உள்ளே நடந்துவிட்டார். பின்னாலேயே நாங்களும் போனோம். ஒன்றும் ஆகவில்லை. இலை போட்டார்கள்.

பெண்கள் ஓட்டலுக்கு வந்த வரலாறு இப்படித்தான். முதலில் வரவே இல்லை. பிறகு புருஷனோடு, பிள்ளைகளோடு வந்தார்கள். அவர்களுக்கு "பேமிலி ரூம்" என்று ஓரமாகத் தடுப்பு கட்டி, திரை போட்டு உட்கார வைத்தார்கள். தனியாக வருகிற பெண்ணுக்கு எந்த ரூம்? அவளுக்குப் பார்சல்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வெட்கப்படாமல் எழுதிவிடுகிறேன். நாங்கள் போன இடங்களில் பெண்கள் போக சுத்தமான கழிப்பறை அநேகமாக இல்லை. அதனால் தண்ணீர் குடிக்காமல் சாப்பிடப் பழகியிருக்கிறோம். வெளியூர் வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் இருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கடையில் இடம் என்றால் நாற்காலி மட்டும் இல்லை, இதுவும் சேர்த்துத்தான்.

அன்றைக்கு அந்தக் கடையில் சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாக வந்தது. கேட்கக் கேட்க சோறு போட்டார்கள். எங்களில் ஒருத்தி சொன்னாள்: "கல்யாணமாகி முப்பது வருஷத்துல, அடுத்து என்ன எடுத்து வைக்கணும்னு நெனைக்காம இன்னிக்குத்தான் சாப்பிடுறேன்." அதுக்கு மேல யாரும் பேசல.

நான்காம் இடம்: இட்லி அடுப்பு

சாயங்காலம் தெருவோரத்தில் ஒரு அக்கா சுடும் இட்லி. கூரைக்கடை, ஒரு அடுப்பு, இரண்டு குண்டான். இட்லிக்கும் நீண்ட வரலாறு உண்டு. கி.பி. 920 அளவில் எழுதிய ஒரு கன்னட நூலிலேயே இட்லியின் பழைய பெயர் வருகிறது. அவ்வளவு பழைய பலகாரம், தினசரிப் பலகாரமாக மாறியது மாவரைக்கும் இயந்திரம் வந்த பிறகு. மின்சார கிரைண்டரைக் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955இல் உருவாக்கினார். அதற்கு முன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் இட்லி, தோசை. ஆட்டுக்கல்லில் கை வலிக்க ஆட்டியது நம்ம அம்மாக்கள். அவர்கள் கை மிச்சமானதால்தான் தெருவுக்குத் தெரு இட்லிக்கடை வைக்க முடிந்தது.

அந்த அக்காவிடம் கணக்கு கேட்டேன். எனக்கு அதுதானே பழக்கம். அரிசி, உளுந்து, விறகு, தேங்காய், கட்டிக் கொடுக்கும் இலை எல்லாம் சொன்னார். தன்னுடைய கூலியை மட்டும் சொல்லவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து ராத்திரி பத்து மணி வரை உழைக்கிறவர், அதைச் செலவில் சேர்க்கவே இல்லை. மிஞ்சியதெல்லாம் லாபம் என்று சொல்கிறார். நாமும் அப்படித்தான் கணக்குப் போடுகிறோம். குழுவில் தொழில் கடன் வாங்கும் எல்லோரும் முதல் வரியில் நம்ம கூலியை எழுதணும், இல்லேன்னா நஷ்டத்துல ஓடுறதே தெரியாது.

நோட்டில் எழுதியது: "சமைப்பது பெண். கல்லாவும் பெண். உட்கார இடம் அவருக்கும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு காலை ஒரு டிபன் கடையில் பொங்கலும் கொத்சுவும். கத்தரிக்காய்க் கொத்சு சிதம்பரத்துச் சமையல். நமக்குப் பக்கம்தானே, நம்ம பலகைகளிலும் ஏறிவிட்டது. மத்தியானம் பிரியாணிக்கடை. ராத்திரி பரோட்டாக்கடை. மூன்று இடத்திலும் முன்னால் கல்லில் நின்று வீசுவதும், கல்லாவில் உட்காருவதும் ஆண்கள். பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தால் வெங்காயம் உரிப்பது, பாத்திரம் தேய்ப்பது, இலை எடுப்பது எல்லாம் பெண்கள். ஒரு கடையில் அந்தப் பெண்கள் மதியம் நாலு மணிக்குத்தான் சாப்பிடுகிறார்கள், அடுப்படி ஓரத்தில் நின்றுகொண்டே.

நிற்கிற வேலைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்த பெண்கள், உட்கார இடம் கேட்டுப் போராடினார்கள். அதனால் 2018இல் கேரளம் சட்டத்தை மாற்றியது. நம்ம தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று அது சொல்கிறது. துணிக்கடைக்கும் மற்ற கடைக்கும் வேலைக்குப் போகிற நம்ம பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள்.

நம்ம கை பட்ட அடுப்புகள்

இனி நல்ல பக்கத்தையும் சொல்கிறேன். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது, விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்துச் சமையல் வேலை தந்தார்கள். கிராமத்துப் பெண் சமைப்பதற்கு அரசாங்கம் சம்பளம் தந்தது பலருக்கு அதுதான் முதல் முறை. 1989இல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அடுத்து வந்த மாவட்டங்களில் நம்ம பழைய தென்னார்க்காடும் ஒன்று. 2013இல் சென்னையில் அம்மா உணவகம் வந்தது. ஒரு ரூபாய் இட்லியைச் சுட்டது குழுப் பெண்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அந்த உப்புமாவையும் கிச்சடியையும் பொங்கலையும் கிண்டுவதும் நம்ம குழுப் பெண்கள்தான். விடியற்காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடும் சகோதரிகள் இந்த மலரைப் படிக்கிறவர்களிலேயே எத்தனை பேர்!

வெளியூரிலும் இதே கதைதான். 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். அதே ஊரில் ஆலைத் தொழிலாளர்களுக்கு வீட்டிலேயே சமைத்துப் போட்ட பெண்கள் வட்டிக்காரர்களிடம் சிக்கித் தவித்தார்கள். 1975இல் பிரேமா புரவ் என்ற அம்மா அவர்களைச் சேர்த்து அன்னபூர்ணா மகளிர் மண்டலம் அமைத்து, வங்கிக் கடன் வாங்கித் தந்தார். நாம் வாரா வாரம் பாய் விரித்து உட்கார்ந்து சேமிப்பும் உள்கடனும் பேசுகிறோமே, அந்த வழிதான்.

அடுப்பு நம்ம கைக்கு வந்துவிட்டது. கல்லா பாதி வந்திருக்கிறது. நாற்காலிதான் இன்னும் வரவில்லை.

ஏழு இடத்திலும் சேர்த்து எங்களுக்குச் செலவு 840 ரூபாய். மீதி 60, ஆளுக்குப் பத்து ரூபாய் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்தேன். அந்த நோட்டை வைத்துக்கொண்டு கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று: மாசி மகத்துக்குப் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். கிள்ளை தர்காவில் இஸ்லாமிய மக்கள் மாலை மரியாதை செய்து வரவேற்கிறார்கள். சாமியே இன்னொருத்தர் வாசலில் நின்று மரியாதை வாங்கிப் போகிற ஊர் நம்முடையது. அந்தத் திருவிழாக் கூட்டத்தில் நம்ம குழுக்கள் சேர்ந்து ஒரு உணவுக் கடை போட வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவை முறையாக வாங்கி, நம்ம கூலியையும் செலவில் எழுதி நடத்த வேண்டும்.

இரண்டு: அந்தக் கடையில் தனியாக வருகிற பெண்களுக்கும் குழந்தையோடு வருகிறவர்களுக்கும் உட்கார இடமும், கை கழுவும் இடமும், கழிப்பறை வசதியும் கட்டாயம் இருக்க வேண்டும். திரை எதுவும் வேண்டாம்.

மூன்று: வேலை செய்கிற சகோதரிகள் முறை வைத்து, நேரத்துக்கு, உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட வேண்டும். இதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதணும். எழுதாட்டி நாம செய்ய மாட்டோம். "பரவால்ல, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்"னு சொல்லியே பழகிட்டோம்.

இதில் எதுவும் பெரிய செலவு இல்லை. ஆறு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு தீர்மானம். அடுத்த கூட்டத்தில் கை தூக்குங்கள்.